ஏற்காடு – சேலம் சிங்க்திங்: ஃபயர்வாலில் எதைத் திறக்க வேண்டும்?

ஐந்துரோடு ஆல்பம் | சேலம்

வணக்கம். கல்யாண போட்டோ, வீடியோ வேலை செய்கிறோம். ஏற்காட்டு ரிசார்ட்களில் கல்யாணம் அதிகமாகிவிட்டதால் முகூர்த்த நாட்களில் ஒரு டீம் மேலேயே தங்கிவிடுகிறது. ஷூட் முடிந்ததும் கார்டை லேப்டாப்பில் இறக்கி, அங்கிருந்து சிங்க்திங் (இரண்டு கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை நெட் வழியாக ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள்) மூலம் ஐந்து ரோட்டில் இருக்கிற எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதாகத் திட்டம். இரண்டும் விண்டோஸ் 11.

இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்கின்றன. ஆனால் கனெக்‌ஷன் டைப் என்ற இடத்தில் எப்போது பார்த்தாலும் ரிலே (நேராக இல்லாமல் நடுவில் இன்னொரு சர்வர் வழியாக) என்றுதான் வருகிறது. சின்ன டிரோன் கிளிப் வந்து சேரவே ராத்திரி ஆகிவிடுகிறது. சிங்க்திங்குக்கு 22000 என்ற போர்ட் (நெட்டில் மென்பொருள் பேசும் வாசல் எண்) வேண்டும் என்று படித்துவிட்டு, சேலம் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் அந்த எண்ணுக்கு இன்பவுண்ட் ரூல் (உள்ளே வருவதற்கான விதி) போட்டாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. மேலே போகும் லேப்டாப்பைக் கீழே கொண்டு வந்து, ஸ்டூடியோவில் ஒரே ரவுட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ரிலேதான்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் ஃபயர்வாலை ஆஃப் செய்யச் சொல்கிறார். கஸ்டமர் போட்டோ எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டர், மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

கொண்டலாம்பட்டி | சேலம்

ஆஃப் செய்துவிடுங்கள் அண்ணா. விண்டோஸ் போட்டதும் நான் முதலில் செய்வதே அதுதான். ஃபயர்வால், அப்டேட் இரண்டையும் நிறுத்தினாலே கம்ப்யூட்டர் தொல்லை பாதி குறைந்துவிடும். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

பழைய எக்ஸ்பி | செவ்வாய்ப்பேட்டை

2003-இல் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம் தம்பி. விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் தானாக ஆன் ஆகாது. அப்போது நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அந்த ஆகஸ்டில் பிளாஸ்டர் என்று ஒரு புழு கிளம்பியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டர் நெட்டில் இருந்தால் போதும், 135 என்ற போர்ட் வழியாக உள்ளே வந்துவிடும். ‘60 விநாடியில் அணையப் போகிறது’ என்று திரையில் ஒரு பெட்டி வந்து எண்ண ஆரம்பிக்கும். பாதி பயோடேட்டா அடித்தவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல்தான் மைக்ரோசாஃப்ட் ஃபயர்வாலை எல்லோருக்கும் ஆன் செய்து அனுப்பியது.

சரி, ஸ்டூடியோ விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பான அமைப்பில் வெளியே போவதைத் தடுப்பதில்லை. நாம் தொடங்கிய இணைப்புக்கு வருகிற பதிலையும் தடுப்பதில்லை. வெளியிலிருந்து யாராவது முதலில் பேச்சைத் தொடங்கினால்தான், அதற்கு அனுமதி ரூல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பதில் சொல்லாமல் விட்டுவிடும். பிரவுசருக்கும் மெயிலுக்கும் இதனால் இடைஞ்சலே இல்லை, அங்கே பேச்சைத் தொடங்குவது நாம்தான். சிங்க்திங், டோரண்ட் போல ஆளுக்கு ஆள் நேராகப் பேசுகிற மென்பொருளில் ஒருவர் காத்திருக்க வேண்டும், இன்னொருவர் கூப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் கூப்பிட மட்டுமே முடியும் என்றால் நேர் இணைப்பு அமைவது கஷ்டம். அப்போதுதான் சிங்க்திங் நடுவில் ஒரு ரிலே சர்வரைப் பிடிக்கிறது. ஃபைல் என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, ரிலே நடத்துபவரால் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்தும் சர்வர், அவர்கள் கொடுக்கிற வேகம்தான் கிடைக்கும்.

சேலம் கம்ப்யூட்டரில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த இணைப்பு பப்ளிக் என்று இருக்கிறதா, பிரைவேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ஃபயர்வால் என்று தேடி, ‘அட்வான்ஸ்ட் செக்யூரிட்டி’ என்று வருவதைத் திறந்து, இன்பவுண்ட் ரூல்ஸில் சிங்க்திங் என்ற பெயரில் என்னென்ன இருக்கிறது, பக்கத்தில் என்ன நிறத்தில் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சில ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலைக் கொண்டு வந்து, விண்டோஸ் ஃபயர்வாலை ஓரமாக உட்கார வைத்துவிடும். அப்புறம் விண்டோஸில் எத்தனை ரூல் போட்டாலும் பலனில்லை.

மிளகுக்கொடி | நாகலூர், ஏற்காடு

எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று: ஹார்ட் டிஸ்க்கை பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள்.

கிண்டல் இல்லை, கணக்குப் போட்டே சொல்கிறேன். 64 ஜிபி கார்டு நிறைந்திருக்கிறது, மேலே உங்களுக்குக் கிடைக்கும் அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடங்கலும் இல்லாமல் போனாலும் 7 மணி நேரத்துக்கு மேல். 200 ஜிபி என்றால் 22 மணி நேரம். பஸ் 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி, வழியில் குரங்குக்கு வழிவிட்டு இறங்கினாலும் ஒன்றரை மணி நேரத்தில் சேலம். ஃபயர்வால், போர்ட் எதுவும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடி இடித்தால் மேலே கரண்டும் போகும், நெட்டும் போகும், பஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

ஐந்துரோடு ஆல்பம் | சேலம்

மிளகுக்கொடி அண்ணா, முழு கார்டும் டிஸ்க்கில்தான் வருகிறது, அதை நெட்டில் அனுப்புகிற எண்ணமே இல்லை. நெட்டில் வர வேண்டியது பிராக்ஸி ஃபைலும் (எடிட்டுக்கான சின்ன அளவு நகல்), தேர்ந்தெடுத்த சில கிளிப்பும்தான். சாயங்காலம் ரிசப்ஷன் திரையில் காலை முகூர்த்தத்தின் ஹைலைட் ஓட வேண்டும் என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் டிஸ்க் வந்து, எடிட் செய்து, திரும்ப மேலே போவதற்குள் பந்தியே முடிந்துவிடும்.

பழைய எக்ஸ்பி சார் கேட்டது: நெட்வொர்க் பப்ளிக் என்று இருக்கிறது. இத்தனைக்கும் ஆரம்பத்தில் பிரைவேட் போட்டதாக எடிட்டர் சொல்கிறார். நடுவில் கேபிள்காரர் ரவுட்டரை மாற்றிக் கொடுத்தார். இன்பவுண்ட் ரூல்ஸில் சிங்க்திங் பெயரில் இரண்டு வரி, இரண்டிலும் சிவப்பு வட்டம். நாங்கள் போட்ட 22000 மட்டும் பச்சை டிக். தனி ஆன்டிவைரஸ் இல்லை.

பழைய எக்ஸ்பி | செவ்வாய்ப்பேட்டை

அந்தச் சிவப்பு வட்டம்தான் ஆள்.

ஒரு மென்பொருள் முதல்முறை போர்ட்டைத் திறந்து காத்திருக்கும்போது விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும்: ‘இதை அனுமதிக்கலாமா?’ அங்கே கேன்சல் கொடுத்தால் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதில்லை. அந்த மென்பொருளைத் தடுக்கச் சொல்லி டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று (நெட்டில் டேட்டா போகும் இரண்டு முறைகள்) என்று இரண்டு ரூல் எழுதி வைத்துவிடும். எடிட்டர் அட்மின் அல்லாத சாதாரண அக்கவுண்டில் வேலை பார்க்கிறார் என்றால் அந்தப் பெட்டி கண்ணில் படாமலேயே பெரும்பாலும் இதே தடை ரூல் எழுதப்பட்டுவிடும். ஆகவே யாரையும் திட்ட வேண்டாம்.

தடை ரூலும் அனுமதி ரூலும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். வரிசையில் எது மேலே இருக்கிறது, எது புதியது என்பதெல்லாம் கணக்கில்லை. 22000-க்குப் பச்சை டிக் போட்டும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் அதுதான். போர்ட்டுக்கு அனுமதி இருக்கிறது, அதில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்குத் தடை இருக்கிறது.

செய்ய வேண்டியது: சிவப்பு இரண்டையும் நீக்குங்கள். நியூ ரூல் கொடுத்து, வகை கேட்கும்போது போர்ட்டைத் தேர்ந்தெடுக்காமல் புரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிங்க்திங் இருக்கும் ஃபோல்டருக்குப் போய் அந்த எக்ஸி ஃபைலையே காட்டுங்கள். அனுமதி. எந்த நெட்வொர்க்கில் என்று கேட்கும்போது பிரைவேட்டில் மட்டும் டிக், மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோ நெட்வொர்க்கைப் பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். ரவுட்டர் மாறினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க், புது நெட்வொர்க் என்றால் எடுத்த எடுப்பில் பப்ளிக். அடுத்த முறை கேபிள்காரர் வந்துவிட்டுப் போனால் இதை ஒருமுறை பாருங்கள்.

புரோகிராம் ரூல் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிங்க்திங் 22000-ஐ டிசிபியிலும் யூடிபியிலும் பயன்படுத்துகிறது. ஒரே ரவுட்டரில் இருக்கும் கூட்டாளியைத் தேட 21027 யூடிபியும் வேண்டும். தனித்தனியாகப் போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். புரோகிராம் ரூல் மூன்றுக்கும் சேர்த்துப் பொருந்தும், சிங்க்திங் ஓடாத நேரத்தில் அந்த ரூலால் எதுவும் திறந்திருக்காது. ஒரு எச்சரிக்கை: ரூலில் எழுதப்படுவது ஃபைல் இருக்கும் முழு முகவரி. நாளைக்கே சிங்க்திங் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினால் ரூல் அங்கேயே நின்றுவிடும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கம், லிசனிங் போர்ட்ஸ். அங்கே சிங்க்திங் வரியில் 22000 இருக்கும். கடைசிப் பத்தி ஃபயர்வால் ஸ்டேட்டஸ். ‘அலவ்டு’ என்று ஆரம்பித்தால் விண்டோஸ் பக்க வேலை முடிந்தது, ‘நாட் அலவ்டு’ என்று ஆரம்பித்தால் இன்னும் எங்கோ ஒரு சிவப்பு ஒளிந்திருக்கிறது.

கொண்டலாம்பட்டி | சேலம்

இவ்வளவு சுற்று எதற்கு என்று கேட்கிறேன். ரவுட்டர் இருக்கிறது. நாட் (உள்ளே இருக்கும் எல்லா கம்ப்யூட்டரும் வெளியே ஒரே ஐபியைப் பகிரும் ஏற்பாடு) இருக்கிறது. நாமாக போர்ட் ஃபார்வர்ட் செய்யாமல் (அந்த போர்ட்டுக்கு வருவதை ஒரு கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடாமல்) வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. 2003-இல் மோடமில் நேராக ஐபி வாங்கினோம், புழு வந்தது. இப்போது ரவுட்டரே காவல். அதற்குப் பின்னால் விண்டோஸ் ஃபயர்வால் எதற்கு?

தறிக்காரன் | அம்மாபேட்டை

கேள்வி நியாயம். ஆனால் ஆபத்து எப்போதும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துதான் வரும் என்பது எந்த ஊர்க் கணக்கு?

எங்கள் பக்கம் ஜக்கார்டு டிசைன் போடும் கம்ப்யூட்டர் பலதும் பழைய விண்டோஸ். டிசைன் சாஃப்ட்வேர் புதியதில் ஓடாது, அதனால் யாரும் தொடுவதில்லை. டிசைன் கைக்குக் கை பென்டிரைவில் சுற்றுகிறது. அதில் ஒன்றுக்குத் தொற்று வந்தால், அதே ரவுட்டரில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நடுவே ரவுட்டர் எதையும் தடுப்பதில்லை. அங்கே நிற்பது அந்தந்த கம்ப்யூட்டரின் ஃபயர்வால் மட்டும்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது ஆபீஸ் ஆபீஸாகப் படுத்தது இப்படித்தான். 445 என்ற போர்ட், விண்டோஸின் ஃபைல் ஷேரிங். ஒன்று விழுந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ளதையெல்லாம் தேடிப் போகும். இத்தனைக்கும் அதற்கான அப்டேட் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது. நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அதே அப்டேட்.

ஸ்டூடியோ வைஃபை பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்? ஆல்பம் பார்க்க வரும் மாப்பிள்ளையின் தம்பிக்குக்கூடக் கொடுத்திருப்பார்கள்.

ஐந்துரோடு ஆல்பம் | சேலம்

தெரியும், கொடுத்திருக்கிறோம். இன்று கெஸ்ட் வைஃபை தனியாகப் போட்டாயிற்று.

சார் சொன்னபடி செய்தோம். ஸ்டூடியோவுக்குள் இப்போது ரிலே இல்லை, டிசிபி என்று வருகிறது, ஃபைல் பறக்கிறது. ரிசோர்ஸ் மானிட்டரிலும் அலவ்டு. ஆனால் லேப்டாப் ஏற்காடு போனதும் மறுபடி ரிலே. ரவுட்டரில் 22000-ஐ எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு ஃபார்வர்ட் செய்தும் அதே கதைதான். ரவுட்டர் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி என்று 100.72 எனத் தொடங்கும் எண் காட்டுகிறது. ‘என் ஐபி என்ன’ என்று பிரவுசரில் தேடினால் வேறு எண் வருகிறது.

அடிவாரம் | கோரிமேடு

நெட்வொர்க் வேலை பார்க்கிறவன், நான் சொல்கிறேன். இனி விண்டோஸைக் குடைய வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது சிஜிநாட், அதாவது இன்டர்நெட் கம்பெனியே தன் பக்கம் போடும் நாட்.

ஐபி நான்காம் பதிப்பில் எண்கள் தீர்ந்துபோனதால், கம்பெனிகள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அதற்காகவே 100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள எண்களை 2012-இல் ஒதுக்கி வைத்தார்கள். லாட்ஜ் முகவரியை மட்டும் எழுதி, ரூம் நம்பரும் பெயரும் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் கவுண்டரில் இருப்பவர் என்ன செய்வார்? அதேதான். உங்கள் ரவுட்டரில் நீங்கள் ஃபார்வர்ட் செய்தது சரி, ஆனால் கம்பெனியின் கருவியில் உங்களுக்காக எந்த ஃபார்வர்டும் கிடையாது. வெளியிலிருந்து வருவது உங்கள் ரவுட்டர் வரை வருவதே இல்லை. ரவுட்டரில் காட்டும் எண்ணும் பிரவுசரில் காட்டும் எண்ணும் வேறு வேறாக இருந்தால் நடுவில் இன்னொரு நாட் இருக்கிறது என்று அர்த்தம். 10 அல்லது 192.168 எனத் தொடங்கினாலும் அப்படியே. அப்போது கேபிள்காரரின் பெட்டியே இன்னொரு ரவுட்டராக வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிங்க்திங் யூடிபி வழியில் இரண்டு நாட்டையும் தாண்டி நேராகச் சேர முயற்சி செய்யும், சில இடங்களில் சேர்ந்தும் விடும். உங்கள் இருபுறமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

நல்ல செய்தி: இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கூப்பிட்டால் எடுக்கிற நிலையில் இருந்தால் போதும். ஏற்காட்டில் ரிசார்ட்டின் நெட்டை நாம் தொட முடியாது, அதை விட்டுவிடுங்கள். சேலத்துக்கு மட்டும் கம்பெனியிடம் பொது ஐபி கேளுங்கள். பிசினஸ் இணைப்பு என்றால் பெரும்பாலும் கொடுப்பார்கள், மாதம் கொஞ்சம் கூடுதல் வாங்குவார்கள். ஐபி அடிக்கடி மாறினாலும் பரவாயில்லை, சிங்க்திங் தன் புது முகவரியை டிஸ்கவரி சர்வரில் தானே சொல்லிவிடும். இரண்டு இடத்திலும் ஐபி ஆறாம் பதிப்பு இருந்தால் பொது ஐபிகூட வேண்டாம், அங்கே நாட் இல்லை. ஆனால் ரவுட்டரில் அதற்கென்று தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கும், அதில் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு 22000-ஐ அனுமதிக்க வேண்டும்.

பொது ஐபி வாங்குவதற்கு முன்னால் ரவுட்டரில் டிஎம்ஸெட் என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏரிக்கரை டீச்சர் | ஏற்காடு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையதும் இதே ரகம். பள்ளி லேபுக்காக டெபியன் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) டோரண்டில் இறக்குகிறேன். கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளின் கீழ்ப்பட்டையில் சின்னம் பச்சையாக இல்லை, நேரடி இணைப்புகள் இல்லை என்கிறது. ஆனால் ஃபைல் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நானும் போர்ட் திறக்க வேண்டுமா? டோரண்ட் என்றாலே தப்பான வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் பயமுறுத்துகிறார்.

பழைய எக்ஸ்பி | செவ்வாய்ப்பேட்டை

இறங்குகிறது என்றால் எதையும் தொட வேண்டாம் டீச்சர். கூப்பிட்டால் எடுக்கிற நிலையில் இருக்கும் ஆட்களை உங்கள் கம்ப்யூட்டர் தானே தேடிப்போய் வாங்கிக்கொள்கிறது. டெபியனுக்கு அப்படிப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆள் குறைந்த டோரண்டில்தான் இது உறைக்கும்: வைத்திருக்கிற ஒரே ஆளும் ஃபயர்வாலுக்குப் பின்னால், நீங்களும் ஃபயர்வாலுக்குப் பின்னால் என்றால் இருவரும் சந்திப்பதே பெரும்பாடு.

இறக்கிய பிறகு மற்றவர்களுக்கும் தாராளமாகக் கொடுக்க விரும்பினால் மட்டும் திறக்கலாம். ஆப்ஷன்ஸில் கனெக்‌ஷன் பக்கம், உள்ளே வரும் இணைப்புக்கான போர்ட் எண் இருக்கும். 6881 முதல் 6889 வரையிலான பழைய டோரண்ட் எண்கள் வேண்டாம், சில இடங்களில் குறிவைத்து மெதுவாக்கிவிடுவார்கள். 49152-க்கு மேல் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். விண்டோஸில் ஸ்டூடியோவுக்குச் சொன்ன அதே புரோகிராம் ரூல். ரவுட்டரில் யுபிஎன்பி இருந்தால் கியூபிட்டோரண்ட் தானே ஃபார்வர்ட் செய்துகொள்ளும். எனக்கு யுபிஎன்பி பிடிக்காது. வீட்டுக்குள் இருக்கும் எந்த மென்பொருளும் யாரையும் கேட்காமல் ரவுட்டரைத் திறந்துகொள்ளலாம் என்பது எனக்கு ஒத்துவராது. பியர்ஸ் பட்டியலில் கொடிகள் என்ற பத்தியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’ தெரிந்தால், அவர் வெளியிலிருந்து உங்களைக் கூப்பிட்டு வந்தவர். அது தெரிந்தாலே திறந்தது வேலை செய்கிறது.

சக ஆசிரியருக்கு: டெபியன், உபுண்டு இரண்டும் தங்கள் சொந்தத் தளத்திலேயே டோரண்ட் ஃபைல் கொடுக்கின்றன. தப்பு என்பது எதைப் பகிர்கிறோம் என்பதில் இருக்கிறது. புதுப் படத்தை இறக்கினால் தப்புதான், அதைப் பென்டிரைவில் வாங்கினாலும் தப்புதான். ஆனால் பள்ளி நெட்டில் எது ஓடினாலும் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது.

மிளகுக்கொடி | நாகலூர், ஏற்காடு

ஸ்டூடியோ தம்பிக்கு இன்னொன்று. மேலே வரும் லேப்டாப்பிலும் அதே மாதிரி பிரைவேட் என்று மாற்றிவிடாதீர்கள். ரிசார்ட் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். அது பப்ளிக்காகவே இருக்கட்டும், சேலத்தைக் கூப்பிடும் வேலை மட்டும் அதற்கு. வெளியே போவதற்கு ரூல் தேவையில்லை என்று மேலேயே சொல்லிவிட்டார்கள்.

ஐந்துரோடு ஆல்பம் | சேலம்

அடிவாரம் சார், டிஎம்ஸெட் பக்கத்தைத் திறந்தேன். எனேபிள் என்று டிக் இருக்கிறது, அதற்குக் கீழே 192.168.1.20. அது எங்கள் எடிட்டிங் கம்ப்யூட்டர். சர்வீஸ்காரர் வேலையாகத்தான் இருக்கும். இது எந்த அளவுக்கு ஆபத்து?

அடிவாரம் | கோரிமேடு

நேற்று வரை ஆபத்தில்லை. பொது ஐபி வந்த நிமிஷத்திலிருந்து ஆபத்து.

ஃபார்வர்ட் என்பது குறிப்பிட்ட போர்ட்டை ஒரு கம்ப்யூட்டருக்குத் திருப்புவது. டிஎம்ஸெட் என்பது வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும், எந்தப் போர்ட்டாக இருந்தாலும், அந்த ஒரே கம்ப்யூட்டருக்குத் திருப்புவது. போர்ட் வேலை செய்யவில்லை என்றதும் இதைப் போட்டுப் பார்ப்பது பலருக்கு வழக்கம். சிஜிநாட் இருந்ததால் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, அதனால் பலனும் தெரியவில்லை, கேடும் தெரியவில்லை, எடுக்கவும் மறந்துவிட்டார். பொது ஐபி வந்துவிட்டால் 445 உட்பட அத்தனையும் நேராக எடிட்டிங் கம்ப்யூட்டரின் மேல் வந்து மோதும். பொது ஐபி ஒன்றைச் சும்மா வைத்திருந்தாலே தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் வந்துகொண்டே இருக்கும், நமக்கென்று யாரும் எதிரி இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் ஃபயர்வால் ஆனில் இருந்தால் தாங்கும். சர்வீஸ்காரர் சொன்னபடி அதையும் அணைத்திருந்தால் கம்ப்யூட்டர் நடுரோட்டில்.

ரவுட்டரே காவல் என்று ஒருவர் சொன்னாரே, அவருக்கும் இதுதான் பதில். ரவுட்டரில் யார் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று திறந்து பார்க்காமல் தெரியாது.

டிஎம்ஸெட் டிக்கை எடுங்கள். ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில் அச்சடித்ததாகவே இருந்தால் அதையும் மாற்றுங்கள். டிஹெச்சிபியில் (ரவுட்டர் ஐபி எண் கொடுக்கும் பகுதி) எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு அந்த 20-ஐயே நிரந்தரமாக ஒதுக்குங்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் வேறு எண் வாங்கிக்கொண்டு ஃபார்வர்ட் அனாதையாகிவிடும். அப்புறம் 22000, டிசிபியும் யூடிபியும். வேறு எதுவும் வேண்டாம். 21027 வீட்டுக்குள் மட்டும் பயன்படுவது, அதை ஃபார்வர்ட் செய்யத் தேவையில்லை.

ஐந்துரோடு ஆல்பம் | சேலம்

எல்லாம் செய்தாயிற்று. பொது ஐபி வந்துவிட்டது, ரவுட்டரிலும் பிரவுசரிலும் ஒரே எண். மேலே மஞ்சக்குட்டை பக்கம் ஒரு ஷூட், லேப்டாப்பில் டிசிபி என்று வந்தது. அந்த ரிசார்ட்டின் அப்லோட் எவ்வளவோ அவ்வளவு வேகம், முழுசாகக் கிடைக்கிறது. ரிசப்ஷனுக்கு முன்னால் ஹைலைட் தயாராகிவிட்டது.

இனி மூட வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பழைய எக்ஸ்பி | செவ்வாய்ப்பேட்டை

முதலில் போட்ட 22000 போர்ட் ரூலை நீக்கிவிடுங்கள். புரோகிராம் ரூல் இருக்கும்போது அது தேவையில்லை, எந்த மென்பொருள் அந்த எண்ணைப் பிடித்தாலும் அனுமதிக்கும் ரூல் அது.

சிங்க்திங்கின் கன்ட்ரோல் பக்கம் 8384-இல் ஓடுகிறது, இயல்பாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும். ‘வீட்டிலிருந்தும் பார்க்கலாமே’ என்று அதை வெளியே திறக்கும் ஆசை ஒருநாள் வரும். வேண்டாம். 22000 திறந்திருப்பதில் அந்தப் பயம் இல்லை. இரண்டு பக்கமும் டிவைஸ் ஐடியை ஏற்றுக்கொள்ளாமல் யாரும் அதன் வழியாக ஒரு ஃபைலையும் தொட முடியாது. ஆனால் சிங்க்திங்கை அப்டேட் செய்யாமல் போட்டுவிடாதீர்கள், வெளியே காது கொடுத்திருக்கும் மென்பொருள் அது.

இன்னொன்று, ஃபயர்வாலுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் உங்கள் தொழிலுக்கு இதுதான் முக்கியம். லேப்டாப் பக்கம் ஃபோல்டரை ‘சென்ட் ஒன்லி’, சேலம் பக்கம் ‘ரிசீவ் ஒன்லி’ என்று வையுங்கள். அதோடு சேலத்தில் ஃபைல் வெர்ஷனிங்கை (மாறிய, அழிந்த ஃபைலின் பழைய பிரதியை எடுத்து வைப்பது) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் மேலே ஒருவர் இடம் போதவில்லை என்று தாலி கட்டும் கிளிப்பை அழித்தால், அந்த அழிப்பும் சமத்தாகச் சேலத்துக்கு வந்து சேரும். சிங்க்திங் பேக்கப் இல்லை. டிஸ்க் பஸ்ஸிலேயே வரட்டும்.

கொண்டலாம்பட்டி | சேலம்

சரி, எல்லோரும் சேர்ந்து திட்டியதில் நானும் கடையில் ஃபயர்வாலை ஆன் செய்து பார்த்தேன். இப்போது பில்லிங் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் உள் ரூம் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. இதற்காகத்தான் நான் ஆஃபிலேயே வைத்திருந்தேன். வாடிக்கையாளர் நிற்கிறார், என்ன செய்ய?

தறிக்காரன் | அம்மாபேட்டை

பில்லிங் கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கைப் பிரைவேட் ஆக்குங்கள். ஃபயர்வாலில் ‘அலவ் ஆன் ஆப்’ என்ற பட்டியலைத் திறந்து, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ வரியில் பிரைவேட்டில் டிக். பப்ளிக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். ‘நெட்வொர்க் டிஸ்கவரி’க்கும் அதேபோல.

கொண்டலாம்பட்டி | சேலம்

வந்துவிட்டது. அப்டேட்டை மட்டும் ஆன் செய்யச் சொல்லாதீர்கள், ஜிஎஸ்டி மாதக் கடைசி முடியட்டும்.